அம்மாவும் அலுமினியக் கம்பியும்

தன் கையே தனக்குதவி என்பது எம் முன்னோர் வாக்கு. இவ்வாக்கை மேடையிலே நின்று எடுத்துரைப்பது எளிது; வாளையும் உளியையும் கையிலே எடுத்து நடத்திக் காட்டுவதுதான் அரிது. கூலிக்கு ஆள் பிடித்தால் ஒரு நாளில் முடியும் வேலையைத் தாமே செய்யப் புகுந்து, ஒரு மாதம் இழுத்தடித்து, ஈற்றில் அதே ஆளை அழைத்து இரட்டிப்புக் கூலி கொடுத்தவர்கள் பலரை நாம் அறிவோம். அறிந்திருந்தும் நாமும் ஒருமுறை அத்துறையிலே இறங்கினோம். எமது வேலை பழுதின்றி முடிந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆயினும், எல்லாம் முடிந்த பின்னர்தான் நாம் செய்த பெரும் பிழை எமக்குத் தெரிய வந்தது. அந்தப் பிழை பலகையில் இருக்கவில்லை. அது எங்கே இருந்தது என்பதைச் சொல்வதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

நாம் குடியிருப்பது இலண்டன் மாநகரின் வடமேற்குப் புறத்திலுள்ள ஹரோவிலே. 1930களிற் கட்டப்பட்ட வரிசை வீடுகளுள் ஒன்று எம்முடையது. அதன் சமையலறை மிகச் சிறியது. யாழ்ப்பாணத்திலே எமது பழைய வீட்டின் குசினியை நினைத்துப் பார்க்கின்றோம். அங்கே அம்மா நிலத்திற் பலகை போட்டு அமர்ந்து தேங்காய் திருவுவார். அம்மியடியிற் குந்தியிருந்து அரைப்பார். இங்கோ எல்லாம் நின்றபடிதான். இடுப்பளவு உயரமான அலுமாரிகளைச் சுவரோரமாக வரிசையாக நிறுத்தி, அவற்றின் தலைமேல் நீண்ட பலகையொன்றைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். காய்கறி நறுக்குவதும் மா குழைப்பதும் சட்டி இறக்கி வைப்பதும் அதன் மேலேதான். ஆங்கிலேயர் அதனை 'வேர்க்டொப்' என்பர். நாம் மேற்பலகை என்று சொல்லிக் கொள்வோம்.

எம் தந்தையார் காலமான பின்னர், 2011ஆம் ஆண்டிலே அம்மா எம்முடன் வந்து சேர்ந்தார். நீண்டகால நீரிழிவினால் அவரது கண்பார்வை படிப்படியாக மங்கிவிட்டது. வெளிச்சமும் இருளும் தெரியும், ஆள் வந்து நிற்பது தெரியும், முகம் தெரியாது. வைத்தியர்கள் மேலும் மங்காமற் காப்பதற்கு இயன்றதைச் செய்கின்றார்கள். ஆனால் அடுப்படியை விட்டு விலகியிருக்கும்படி எவர் சொன்னாலும் அம்மா கேட்கமாட்டார். "கண்தானே மங்கினது, கை மங்கேல்லையே" என்பார். அவர் சொல்வதும் உண்மையே. உப்பும் புளியும் இன்றுவரை அவர் கையிலே தவறியதில்லை.

எமது சமையலறையின் மேற்பலகை எமது 'ட' என்ற எழுத்தைப் போன்று, ஒரு மூலையிலே திரும்பிச் செல்வது. நீண்ட கிளையிலே தண்ணீர்த் தொட்டி. குறுகிய கிளையிலே எரிவாயு அடுப்பு. இரண்டு கிளைகளும் சந்திக்கும் இடத்தில், எமக்கு முன் அவ்வீட்டில் இருந்தவர் ஓர் அலுமினியச் சட்டத்தை வைத்து இரு பலகைகளையும் இணைத்திருந்தார். அம்மா அதனைக் 'கம்பி' என்பார். அச்சட்டம் உள்மூலையிலே தொடங்கிப் பலகைக்குக் குறுக்கே சுவர்வரை ஓடிற்று. பலகையின் முகத்தைவிடச் சற்றே உயர்ந்து நின்றது. அதன் இரு ஓரங்களிலும் மஞ்சளும் எண்ணெயும் மாவும் சேர்ந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுத்த கோடாக இறுகியிருந்தன. போதாக்குறைக்கு, தண்ணீர் கீழிறங்கி அந்த இடத்திலே பலகை ஊதிப் பருத்துவிட்டது. விருந்தினர் வரும் நாட்களில் எம் மனைவி அதன்மேல் ஒரு துணியை மடித்துப் போடுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எமக்கு மனத்திலே ஒரு குறுகுறுப்பு. ஈற்றில் ஒருநாள், அந்தக் கம்பியை ஒழித்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

பலகை ஏன் ஊதுகிறது என்பதை இங்கே கூறுதல் நன்று. இப்பலகை ஒரே மரத்தை அறுத்துச் செய்ததன்று. மரச் சிராய்களையும் தூளையும் பசையுடன் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த பலகை அது. அதன் தலைமேல் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான கனமுடைய தகடு ஒட்டப்பட்டிருக்கும். அத்தகடு எம் நாட்டவர்க்குப் புதியதன்று. சாப்பாட்டுக் கடை மேசைகளிலே, தண்ணீர் விட்டுத் துடைத்தால் பளிச்சென்று தெரியும் 'போர்மைக்கா' அதுவே. பழுப்புநிறக் காகிதத் தாள்கள் பலவற்றை ஒருவகைப் பிசினில் ஊறவைத்து அடுக்கி, மேலே நிறமோ சித்திரமோ அச்சிட்ட தாளொன்றை வைத்து, பெரும் அழுத்தத்திலே வேகவைத்து அதனை ஆக்குகிறார்கள்.

அப்பெயர் வந்த கதை சுவையானது. அமெரிக்காவிலே டானியல் ஓகொனர், ஹேர்பட் ஃபேபர் என்னும் இரு பொறியியலாளர்கள், மின்கருவிகளிலே காப்புப் பொருளாகப் பயன்பட்ட மைக்காவுக்குப் பதிலாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மைக்கா என்பது நாம் காக்காய்ப்பொன் என்று சொல்லும் அப்பிரகமே. 'மைக்காவுக்குப் பதிலாக' என்ற பொருள்பட ஆங்கிலத்திலே 'போர் மைக்கா' என்றார்கள். 1913ஆம் ஆண்டிலே சின்சினாற்றி நகரத்தில் அவர்கள் தொடங்கிய கொம்பனிக்கும் அதுவே பெயராயிற்று. மின்கம்பிக்குக் காவலாகப் பிறந்த பொருள், மெலமீன் என்னும் பிசின் 1930களின் பிற்பகுதியிலே சேர்ந்த பின், சமையலறைக்குள்ளே புகுந்துவிட்டது.

மேலேயுள்ள தகட்டினுள் நீர் இறங்காது. ஆனால் வெட்டிய ஓரத்திலே உள்ளிருக்கும் மரத்தூள் வெளியே தெரியும். அங்கே ஒரு துளி நீர் நாள்தோறும் இறங்கினாலே போதும். தூள் நீரை உறிஞ்சிப் பருக்கும். பருத்தது மீண்டும் சுருங்காது. ஆகவே, இரு பலகைகளை இணைக்கும் கலையெல்லாம், வெட்டுவாயை நீர் காணாமல் மூடிவிடுவதில் இருக்கிறது.

நேரே வெட்டி நேரே ஒட்டிவிடலாமே என்று மாணவர் எவரேனும் கேட்கக்கூடும். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். அங்கேதான் சிக்கல். இப்பலகையின் முன்விளிம்பு சதுரமாக இராது. தகடு வளைந்து இறங்கி உருண்டையாக முடியும். உருண்ட விளிம்பின்மேல் இன்னொரு பலகையின் நேரான தலையைக் கொண்டுபோய் முட்டினால், விளிம்பு வளையும் இடத்திலே ஓர் இடைவெளி வாய் திறந்து நிற்கும். அந்த வாயை மறைப்பதற்காகவே அலுமினியச் சட்டம் வந்தது. சட்டம் வேண்டாமென்றால், நீண்ட பலகையின் முன்விளிம்பிலே, அது மூலையை நெருங்கும் கடைசி 60 சென்ரிமீற்றர் அளவுக்கு, உருண்ட பகுதியை அகற்றிவிட வேண்டும். அகற்றத் தொடங்கும் இடத்திலே மட்டும் 45 பாகையில் ஒரு சிறு சாய்வெட்டு. மற்றப் பலகையின் தலையிலும் அதற்கு இணையான சாய்வெட்டு. இரண்டும் சந்திக்கும்போது முன்னே ஒரு விரலகலத்துக்குச் சாய்வாகவும், பின்னர் சுவர்வரை நேராகவும் ஒரு கோடு மட்டும் தெரியும். கல்லிலே வேலை செய்த கொத்தர்கள் கையாண்ட முறையாதலால் ஆங்கிலேயர் இதற்குக் கொத்தரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

எமது அயல்வீட்டிலே ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கின்றார். வேலிக்கு அப்பால் நின்று எமது ஆயத்தங்களையெல்லாம் கவனித்துக் கொண்டிருந்தவர், ஒரு மாலை உள்ளே வந்து பார்த்தார். இடத்தை அளந்தார், அலுமாரிகளின் மட்டத்தைப் பார்த்தார். பொருத்து எங்கே வரவேண்டும் என்பதைப் பற்றி நல்ல விதிகள் இரண்டு சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கும் அடுப்புக்கும் வெட்டும் துவாரங்களிலிருந்து பொருத்து குறைந்தது 30 சென்ரிமீற்றராவது விலகியிருக்க வேண்டும். சலவை இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றின் தலைக்கு மேலே வரவே கூடாது. முன்னையதிலே பலகை பலம் குன்றும். பின்னையதிலே கீழிருந்து நீராவி ஏறும்.

போகும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "இங்கே அதிகம் வேலை செய்பவர் யார்?" என்றார். "எமது தாயார்" என்றோம். "அவரிடம் கேட்டீர்களா?" என்றார். "அவருக்கு இதிலே என்ன? கண்ணும் சரியாகத் தெரியாது" என்று நாம் சிரித்துக்கொண்டு மறுமொழி கூறினோம். அவர் ஒன்றும் பேசாமற் போய்விட்டார். அந்த விடை இப்பொழுது எம் காதிலே விழும்போது எமக்கே கூச்சமாக இருக்கிறது.

வேலை தொடங்கிற்று. எரிவாயு அடுப்பைக் கழற்றுவதும் மீண்டும் பூட்டுவதும் எம்மால் ஆகாது. பிரித்தானியாவிலே அதற்கெனப் பதிவு பெற்றவர்தான் எரிவாயு வேலை செய்யலாம். எனவே அதனை அத்தகைய ஒருவரிடம் ஒப்படைத்தோம். எஞ்சியதை நாமும் எமது மூத்த மகனும் ஏற்றுக்கொண்டோம். வெட்டும் பொறியையும் அதற்குரிய அச்சுத் தகட்டையும் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தோம். பொறியின் பெயர் 'ரவுட்டர்'. அரை அங்குலக் கனமுள்ள அலகொன்று அதிலே மிக வேகமாகச் சுழலும். அச்சுத் தகட்டிலே கோடுபோல ஒரு துவாரம் வெட்டப்பட்டிருக்கும். பொறியின் அடியிலுள்ள 30 மில்லிமீற்றர் வளையம் அத்துவாரத்தின் ஓரத்தைத் தழுவிக்கொண்டு போக, அலகு கீழே பலகையை வெட்டிச் செல்லும். கை நடுங்கினாலும் கோடு நடுங்காது.

முதல் வேலையாக மூலையை அளந்தோம். பள்ளிக்கூடத்திலே படித்த பைதகரஸ் தேற்றம் இவ்வளவு காலத்தின் பின் எமக்குக் கைகொடுத்தது. ஒரு சுவரிலே மூலையிலிருந்து 90 சென்ரிமீற்றரும் மற்றச் சுவரிலே 120 சென்ரிமீற்றரும் அளந்து குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையே அளந்து பார்த்தோம். மூலை செங்கோணமாயின் 150 வரவேண்டும்; 151 வந்தது. ஒரு சென்ரிமீற்றர்தானே என்று விட்டுவிடலாகாது. மூலை ஏறத்தாழ முக்கால் பாகை விரிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். பலகையின் அகலமான 60 சென்ரிமீற்றருக்குள் அது 8 மில்லிமீற்றர் பிசகாகிவிடும். ஒரு சுண்டுவிரல் நுழையத்தக்க இடைவெளி அது! ஆகவே நீண்ட பலகையை முதலில் வெட்டி அதன் இடத்திலே படுக்க வைத்து, மற்றதை அதன்மேல் ஏற்றிச் சுவரோடு ஒட்ட வைத்து, சுவர் சொல்லும் சாய்வையே பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டோம். அச்சுத் தகட்டை அக்கோட்டுக்கு இசையத் திருப்பி வைத்தோம். வீடு கோணலாயின் பலகையும் அதற்கேற்பக் கோணத்தான் வேண்டும்.

அடுத்து, பழைய பலகையை வீட்டின் பின்புறம் கொண்டுபோய், மரக்குதிரைகள் இரண்டின்மேற் கிடத்திப் பழகினோம். முதல் வெட்டிலேயே பாடம் கிடைத்தது. பின்புறத்திலே தொடங்கி முன்விளிம்பிலே முடித்தோம். அலகு வெளியேறும் இடத்தில் உருண்ட விளிம்பின் தகடு நகத்தளவு பெயர்ந்து பறந்தது. சுழலும் அலகு வெளியேறும்போது தகட்டைப் பிய்க்கும். உள்ளே நுழையும்போது அழுத்தும். ஆதலால் உருண்ட விளிம்பிலே தொடங்கி உள்ளே போவதுதான் விதி. அப்பொறியை இடமிருந்து வலமாகவே தள்ள வேண்டியிருப்பதால், இந்த விதியைக் காப்பதற்கு இரு பலகைகளில் ஒன்றை முகம் மேலே பார்க்கவும் மற்றதை முகம் கீழே பார்க்கவும் கிடத்தி வெட்ட வேண்டும். இதனை மறந்து புதுப்பலகையைப் பழுதாக்குவோர் பலர். பழைய பலகையிலே பழகியபடியால் நாம் அந்த நட்டத்திலிருந்து தப்பினோம்.

புதிய பலகையின் கனம் 38 மில்லிமீற்றர். நீண்ட பலகை 3 மீற்றர் நீளமும் 40 கிலோவுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. அதனை ஒரே முறையிலே வெட்டலாகாது. ஒரு தடவைக்கு 8 அல்லது 10 மில்லிமீற்றர் ஆழமாக, நாலைந்து தடவைகளில் வெட்டினோம். இத்தடவைகளில் வளையத்தைத் துவாரத்தின் அப்புறத்து ஓரத்தோடு வைத்து ஓட்டினோம். கடைசித் தடவை மட்டும் முழு ஆழத்துக்கு இறக்கி, வளையத்தை இப்புறத்து ஓரத்தோடு அழுத்தி, நிறுத்தாமல் ஒரே சீராகக் கொண்டுபோனோம். மயிரிழையளவே சீவப்பட்டது. வெட்டுவாய் கண்ணாடிபோல் வந்தது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் வேலை செய்தோம். ஆயினும் அன்று மாலை நாமும் மகனும் மாவாலை ஒன்றிலிருந்து வெளிவந்தவர்கள் போல் நின்றதைப் பார்த்து எம் மனைவி சிரித்தார்.

இணைக்கும் முறையும் அழகானது. பலகையின் அடிப்புறத்திலே, இரு பக்கமும் எதிரெதிரே சாவித் துவாரம் போன்ற பள்ளங்கள் மூன்று வெட்டி, அவற்றினுள்ளே மூன்று போல்ட் ஆணிகளைப் படுக்க வைத்து முறுக்க வேண்டும். இரு முகங்களும் ஒரே மட்டத்திலே நிற்பதற்காக, வெட்டுவாய்களுக்குள்ளே நீள்வட்டமான மரச் சில்லுகளைச் செருகுவார்கள். அவற்றுக்குப் பெயர் 'பிஸ்கற்'! எமது இளைய மகள் அவற்றைத் தேநீரோடு கேட்டாள். முதலில் பசையின்றி ஒருமுறை பூட்டிப் பார்த்துத் திருப்தியடைந்த பின், வெட்டுவாயின் மரத்தூள் பகுதிக்கு நீர் புகாத பசையும், தகட்டின் ஓரத்துக்குப் பலகையின் நிறத்தையே உடைய பசையும் பூசினோம். பின்னர் ஆணிகளைச் சிறிது சிறிதாக, ஒன்று மாறி ஒன்றாக முறுக்கினோம். உள்ளேயிருந்த பசை நூல்போல மேலே பிதுங்கிற்று. அது இறுகுமுன் துடைத்துவிட்டோம்.

துடைத்துவிட்டுக் கையாலே தடவிப் பார்த்தோம். பொருத்து கைக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மீண்டும் தடவினோம். அப்போதும் தெரியவில்லை. எமக்கு உண்டான பெருமையை எப்படிச் சொல்வோம்! மகனைத் தடவச் சொன்னோம். மனைவியைத் தடவச் சொன்னோம். தொலைபேசியிலே படம் பிடித்துக் கனடாவிலுள்ள தமையனாருக்கு அனுப்பினோம். ஈற்றில் அம்மாவை அழைத்து வந்தோம். அம்மா வழக்கம்போல வலக்கையைப் பலகையின்மேல் வைத்து மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். மூலையிலே கை நின்றது. முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு முறை தடவினார்.

"தம்பி, அந்தக் கம்பி எங்கை?" என்றார்.

"எடுத்துப்போட்டன் அம்மா. இனி ஊத்தை பிடியாது. தடவிப் பாருங்கோ, பொருத்தே தெரியாது."

"ஓம், வழுவழுப்பாய்த்தான் கிடக்கு" என்றார் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதனைப் பாராட்டாகவே நாம் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் மாலை வேலையிலிருந்து வீடு திரும்பியபோது, வாசலிலேயே கருகிய மணம் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தோம். பொருத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, புதிய பலகையின்மேல் தாச்சியின் அடிவட்டம் பழுப்பு நிறத்திலே பதிந்திருந்தது. நடுவிலே தகடு கொப்புளம்போல் எழும்பி நின்றது. போர்மைக்கா சுடுநீருக்கு அஞ்சாது. ஆனால் எண்ணெய் கொதித்த தாச்சியை அடுப்பிலிருந்து நேரே இறக்கி வைத்தால் அது தாங்காது. ஒருமுறை கொப்புளித்த தகட்டை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது.

எமக்குக் கோபம் வந்தது. "புதுப்பலகை எண்டு சொன்னனான்தானே அம்மா, பலகைத் துண்டிலை வைக்கக் கூடாதோ?" என்று உரத்த குரலிலே கேட்டுவிட்டோம். அம்மா கதிரையிலே அமர்ந்து சேலைத் தலைப்பை விரலிலே சுற்றிக்கொண்டிருந்தார். மறுமொழி சொல்லவில்லை. அப்போதுதான் அவரது இடக்கை மணிக்கட்டிலே மருந்து பூசியிருப்பதைக் கண்டோம். எண்ணெய் சிறிது தெறித்திருக்கிறது. பெரிய காயமன்று, ஆனால் பெரிதாகியிருக்கக் கூடும்.

எம் மனைவி எம்மை அப்பால் அழைத்துச் சென்று தாழ்ந்த குரலிலே கூறினார்: "அந்தக் கம்பியை வைச்சுத்தான் மாமி இவ்வளவு நாளும் அடுப்புப் பக்கம் எது, இந்தப் பக்கம் எது எண்டு கண்டுபிடிச்சவ. உங்களுக்குத் தெரியாதோ? எனக்கும் இண்டைக்குத்தான் விளங்கினது."

பின்னர் அம்மாவிடம் கேட்டு ஒவ்வொன்றாக அறிந்தோம். மூலை திரும்புவது உடம்புக்குத் தெரியும். ஆனால் சட்டியும் கரண்டியும் பிடித்த கை பலகையின் நடுவிலே தேடும்போது, அக்கைக்கு வழிகாட்டியது அந்தக் கம்பிதான். தொட்டால் குளிரும், தவறாது. கம்பிக்கு இப்புறம் கத்தியும் காய்கறியும், அப்புறம் நெருப்பு. கம்பியிலிருந்து இரண்டு சாண் அடுப்பு. சூடான பாத்திரங்களை இறக்குவதற்கு அவர் வைத்திருந்த மரப்பலகைத் துண்டு, கம்பியின் மேட்டிலே முட்டுக்கொடுத்து அசையாமல் நிற்கும். புதிய வழுவழுப்பான முகத்திலே அத்துண்டுக்கு முட்டு இல்லை. கை பட்டு வழுக்கி எங்கோ போய்விட்டது. தாச்சியைத் தூக்கிய பின் அதைத் தேட அம்மாவிடம் மூன்றாவது கை இருக்கவில்லை.

நாம் அழுக்கென்று கண்டதை அம்மா எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பார்வை சிறிது சிறிதாக மங்க மங்க, அவர் அந்தச் சமையலறையைத் தம் உள்ளங்கையிலே ஒரு படமாக வரைந்து வைத்திருந்தார். அந்தப் படத்தின் நடுக்கோட்டை நாம் ஒரு வார இறுதியில் அழித்துவிட்டோம். அதிலும் கொடுமை என்னவென்றால், அழித்துவிட்டோம் என்பதற்காகவே பாராட்டும் எதிர்பார்த்தோம்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா?" என்று கேட்டோம்.

"நீ பாடுபட்டுச் செய்தனி. பிள்ளையளும் சந்தோசமாய் நிண்டதுகள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரேல்லை" என்றார்.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. சுவரை அளந்தோம், மூலையை அளந்தோம், முக்கால் பாகைக் கோணலையும் விடாமற் கண்டுபிடித்தோம். வீட்டின் கோணலுக்கு இசையப் பலகையை வெட்டத் தெரிந்த எமக்கு, அந்த வீட்டிலே சமைப்பவரின் கையை அளக்க வேண்டும் என்று தோன்றவில்லையே! அயல்வீட்டு முதியவர் கேட்ட கேள்வி ஒரு தச்சரின் கேள்வி என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதுவும் ஓர் அளவுதான். அதனை எடுக்காமலேயே நாம் வாளைக் கையில் எடுத்திருந்தோம்.

மறுநாள் காலையிலே அம்மாவைப் பலகையடியிலே நிறுத்தி, "இப்ப என்ன செய்தால் உங்களுக்குச் சுகம்?" என்று கேட்டோம். கம்பியை மீண்டும் வைக்கவும் ஆயத்தமாகவே இருந்தோம். அம்மா சிறிது நேரம் தடவிப் பார்த்து யோசித்தார். "கம்பி வேண்டாம் தம்பி, அதுக்குள்ளை ஊத்தை போறது மெய்தான். கைக்கு ஒரு திண்டு தெரிஞ்சாற் போதும்" என்றார்.

திண்டு என்ற சொல் எமக்கு வழிகாட்டிற்று. கல் வெட்டும் பட்டறை ஒன்றிலே, கழிவாகக் கிடந்த கருங்கல் துண்டொன்றைச் சிறு விலைக்கு வாங்கினோம். 30 சென்ரிமீற்றர் சதுரம். 2 சென்ரிமீற்றர் கனம். ஓரங்களை உரசி மழுக்கித் தரச் செய்தோம். அதனைக் கருகிய வட்டத்தின்மேல், ஒரு பக்கம் எமது பொருத்தின் கோட்டோடு சரியாக ஒட்டி நிற்கும்படி வைத்து, சிலிக்கன் பசையினால் ஒட்டினோம். ஓரங்களிலே நீர் இறங்காதபடி அதே பசையினால் மெல்லிய கரை கட்டினோம். எந்தச் சூட்டுப் பாத்திரத்தையும் அதன்மேல் இறக்கலாம், அது வழுக்காது, எரியாது. தொட்டால் குளிரும். அதன் ஓரத்திலிருந்து அடுப்பு ஒரு சாணுக்கும் குறைவு. அம்மா இரண்டு நாட்கள் வெறும் சட்டியை வைத்துப் பழகினார். மூன்றாம் நாள் தோசை வார்த்தார்.

ஆகவே, எமது கைவண்ணத்தாலே கண்ணுக்கும் கைக்கும் தெரியாமற் செய்த அந்தப் பொருத்து, இப்பொழுது ஒரு கல்லின் அருகே ஒதுங்கிக் கிடக்கிறது. வருகிறவர்களிலே எவரும் அதனைக் கவனிப்பதில்லை. "இதென்ன, நல்ல பலகையின் நடுவிலே கல்லை ஒட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். அயல்வீட்டு முதியவர் மட்டும் அதனைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. கல்லின்மேற் கையை வைத்து, கண்ணை மூடி, ஓரம்வரை மெல்லத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

வீட்டு வேலையைத் தம் கையாலே செய்ய விரும்பும் வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். உருண்ட விளிம்பிலே தொடங்கி உள்ளே வெட்டுங்கள். சுவர் செங்கோணமென்று நம்பாதீர்கள். புதுப்பலகையிலே கை வைக்குமுன் பழையதிலே பழகுங்கள். வெட்டுவாயை நீர் காணாமல் மூடுங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தப் பலகையடியிலே நாள்தோறும் நிற்பவரை அழைத்து, பழையதிலே எது வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள். அவர் உங்கள் தாயாராக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம். கேட்டாலன்றி அவர் சொல்லமாட்டார்.

இதனை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து தாளிக்கும் மணம் வருகிறது. கல்லின்மேல் தாச்சி இறங்கும் ஓசை கேட்கிறது. அம்மா எம்மைச் சாப்பிட அழைக்கின்றார்.